நீச்சல் ஸ்ட்ரோக் கெட்டுப்போன பிள்ளைக்கு ஓய்வா, தனி வகுப்பா, மருத்துவரா?

போட்டி நீச்சலில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து பதினாறு வயதுக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தச் சரிவு வந்துவிடுகிறது. நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைலில் மாதத்துக்கு மாதம் டைமிங்கைக் குறைத்துக்கொண்டே வந்தவர்கள், வெளியே தெரிகிற காய்ச்சலோ காயமோ இல்லாமலேயே, சில வாரங்களுக்குள் மூன்று நான்கு வினாடி பின்தங்கிவிடுகிறார்கள். காலரியில் உட்கார்ந்து பார்க்கிற நம் கண்ணுக்கே ஸ்ட்ரோக்கின், அதாவது நீந்தும் அசைவின், ஒழுங்கு போய்விட்டது தெரிகிறது. என்ன ஆயிற்று என்று கேட்டால், “கை தண்ணியைப் பிடிக்கவே மாட்டேங்குதும்மா” என்பதற்கு மேல் அவர்களால் எதுவும் சொல்ல முடிவதில்லை. அடுத்த வயதுப் பிரிவுப் போட்டியோ நெருங்கிக்கொண்டிருக்கும். பயிற்சியாளர் மாலையிலும் ஒரு வேளை வரச் சொல்வார்; பக்கத்து இருக்கைப் பெற்றோர் தனி வகுப்பு எடுக்கும் ஒருவரின் எண்ணைத் தருவார்; வீட்டுப் பெரியவர்கள் பத்தாம் வகுப்பு முடியும்வரை நீச்சலே வேண்டாம் என்பார்கள். எல்லாமே அக்கறையில் சொல்லப்படுபவைதான் என்றாலும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்துவிட முடியாது. எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசிவரை தள்ளிப்போடுவது என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் நாளில் புதிதாக ஒன்றைக் கூட்டுகிற வழிகளைவிட, இருப்பதில் ஒன்றைக் குறைக்கிற வழிகளே முதலில் முயலத் தக்கவை. நீச்சல் பிள்ளையின் பெற்றோராகக் காலரியிலும், உள்ளூர்ப் போட்டிகளில் நேரக்காப்பாளராக லேன் முனையிலும் நின்று பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்டது இது. ஆனால் எதைக் குறைப்பது என்று தெரிய வேண்டுமானால், ஸ்ட்ரோக் கெடுகிறது என்ற ஒரே வாக்கியத்தோடு நிற்காமல், அது எப்போது கெடுகிறது என்பதை ஒரு வாரமாவது பொறுமையாகக் கவனித்தாக வேண்டும்.

நீச்சலில் வேகம் என்பது இரண்டு எண்களின் பெருக்கல். ஒரு கைவீச்சில் எவ்வளவு தூரம் போகிறோம் என்பது ஒன்று, ஒரு நிமிடத்தில் எத்தனை கைவீச்சு போடுகிறோம் என்பது மற்றொன்று. ஸ்டாப்வாட்ச் இவ்விரண்டும் சேர்ந்த விளைவை மட்டுமே காட்டும். எது குறைந்தது என்று சொல்லாது. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். ஐம்பது மீட்டர் குளத்தில் ஒரு லேப்பை 40 கைவீச்சில் முடித்துவந்த ஒரு பெண் இப்போது 46 போடுகிறாள் என்றால், சுவரைத் தள்ளி நீருக்கடியில் வரும் தூரத்தைக் கழிக்காமல் தோராயமாகக் கணக்கிட்டாலும், ஒவ்வொரு வீச்சிலும் ஏறத்தாழ 16 சென்டிமீட்டரை அவள் இழக்கிறாள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதியில் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து கண் தெரியாமல் போன மைக்கேல் ஃபெல்ப்ஸ், கைவீச்சை எண்ணியே சுவரைக் கணித்துத் தொட்டு 1:52.03 என்ற உலக சாதனையோடு தங்கம் வென்றார். அந்த எண்ணிக்கை காலரியில் இருக்கும் பெற்றோருக்கும் பயன்படும். அதற்குத் தாளும் பேனாவும் போதும்.

பயிற்சியாளரின் அனுமதியோடு, நடுத்தர வேகத்தில் எட்டு ஐம்பது மீட்டர்களை ஒரே அளவு இடைவெளி விட்டு நீந்தச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் கைவீச்சையும் நேரத்தையும் குறித்துவைக்கலாம். பெரும்பாலும் மூன்று வகைகளில் ஒன்று தென்படும். முதல் ஐம்பதிலிருந்தே எண்ணிக்கை கூடியிருந்தால் உடலின் அளவோ மூட்டோ ஸ்ட்ரோக்கின் அமைப்போ மாறியிருக்கிறது என்று கொள்ளலாம். முதல் மூன்று நான்கு நன்றாக இருந்து அதற்குப் பிறகு மளமளவென்று சரிந்தால் சோர்வை, அதாவது தூக்கம், உணவு, இரத்தம், அண்மையில் வந்துபோன காய்ச்சல் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். பயிற்சியில் எட்டும் சீராக இருந்து, நேரம் எடுக்கப்போகிறேன் என்று சொன்னாலோ போட்டி நாளிலோ மட்டும் கெட்டால், பார்க்க வேண்டிய இடம் மனம். ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் கலந்திருப்பதும் உண்டு என்றாலும், எது தூக்கலாக இருக்கிறது என்பதைப் பொறுத்தே எந்த வழி பொருந்தும் என்பது தீர்மானமாகும்.

குளத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் இருபத்தைந்து மீட்டர் குளத்திலோ அதைவிடச் சிறிய குளத்திலோ கற்று, 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்ட வேளச்சேரி வளாகம் போன்ற ஐம்பது மீட்டர் குளத்துக்கு மாறும் பிள்ளைகளுக்கு, சுவரைத் தள்ளிக் கிடைக்கும் வேகமும் ஓய்வும் பாதியாகக் குறைந்துவிடுகின்றன. கடைசிப் பதினைந்து மீட்டரில் ஸ்ட்ரோக் சிதறுவதற்கு அதுவே போதும்; அதைச் சரிவு என்று சொல்லக் கூடாது. போட்டிக் குளத்தின் நீர் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஏப்ரல், மே மாதங்களில் சென்னையின் திறந்தவெளிக் குளங்களில் நீர் அதைத் தாண்டிச் சூடாகிவிடுகிறது; அந்த நீரில் கடுமையான செட் போடுபவர்களின் உடல் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் தளர்ந்துவிடும். கோடையில் தொடங்கிய சரிவு என்றால், வேறு எதையும் முடிவு செய்வதற்கு முன் அதிகாலை நேரத்துக்கு மாறியும், ஒவ்வொரு செட்டுக்கும் இடையில் தண்ணீர் குடிக்கச் சொல்லியும் பார்க்கலாம்.

முதல் ஐம்பதிலேயே கெடுகிற வகையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த வயதில் அதற்கு வளர்ச்சியே அடிக்கடி காரணமாகிறது. பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 12 வயதையும் ஆண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 14 வயதையும் ஒட்டி உயரம் மிக வேகமாகக் கூடுகிறது. அந்த ஓராண்டில் மட்டும் எட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் வளர்வது இயல்பு. கை கால்கள் முதலில் நீள்கின்றன, நடு உடம்பு பின்னால்தான் வளர்கிறது, தசையின் வலிமை அதற்கும் பிறகே வந்து சேர்கிறது. நுரையீரலில் காற்று இருப்பதால் நீர் உடலைத் தாங்கும் மையம் மார்புப் பக்கம் இருக்கிறது. எடையின் மையம் அதற்குக் கீழே இடுப்புப் பக்கம் இருக்கிறது. கால்கள் நீண்டு கனக்கும்போது எடையின் மையம் இன்னும் கீழே நகர்வதால், போன வருடம் தானாக மிதந்த இடுப்பு இந்த வருடம் தாழ்கிறது. பிள்ளை சோம்பேறியாகிவிடவில்லை, கற்றுக்கொண்ட அசைவுகள் எல்லாம் பழைய நீளத்துக்கு அளவெடுத்தவை, இப்போதிருக்கும் கைக்கும் காலுக்கும் அவை பொருந்தவில்லை. ஜூனில் தைத்த சீருடை தீபாவளிக்குள் கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தால், டைமிங் சரிவுக்கான விளக்கத்தில் பாதி அங்கேயே இருக்கிறது. மாதம் ஒருமுறை கதவு நிலையில் உயரத்தைக் குறித்துவைப்பது, எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் செய்ய வேண்டிய செலவில்லாத வேலை.

இனி வழிகளுக்கு வருகிறேன். முதலில் பெரும்பாலோர் எடுக்கிற வழி, பயிற்சியைக் கூட்டுவது. உழைப்பு குறைந்ததால்தான் டைமிங் குறைந்தது என்ற எண்ணம் அதற்கு அடிப்படை. நீண்ட விடுமுறைக்குப் பிறகு உடல் பழக்கம் விட்டுப்போயிருந்தால் இது பொருந்தும். ஆனால் கெட்டுப்போன அசைவைக் களைத்த உடலோடு ஆயிரக்கணக்கான முறை திரும்பச் செய்தால், அந்த அசைவே உடலில் படியும். அதோடு தூக்கத்தின் கணக்கும் இடிக்கிறது. 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. ஐந்து மணிக்குக் குளத்தில் இருப்பதற்காகத் தாம்பரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாலே காலுக்கு எழுந்து வரும் பையன், குறைந்தபட்ச எட்டு மணி நேரம் தூங்க வேண்டுமானால் முந்தைய இரவு எட்டே காலுக்குக் கண் மூடியிருக்க வேண்டும். மாலை ஆறரைக்கு இரண்டாம் வேளைப் பயிற்சி, அதன் பிறகு டியூஷன், வீட்டுப்பாடம் என்று வைத்துக்கொண்டு இது நடக்கிற காரியமே இல்லை. ஆகவே மற்ற வழிகள் அனைத்தோடும் ஒப்பிட்டால், நல்லது செய்யும் வாய்ப்பு குறைவாகவும் கெடுதல் செய்யும் வாய்ப்பு அதிகமாகவும் இருப்பது இந்த வழிக்குத்தான்.

அதற்கு நேர் எதிரான வழி முழு ஓய்வு. ஏழிலிருந்து பத்து நாள் குளத்துப் பக்கமே போகாமல் இருப்பதால் பெரிதாக எதையும் இழந்துவிட மாட்டார்கள். மூச்சின் வலு ஓரளவு குறையும், நீரின் பிடி சில நாள் மழுங்கும், இரண்டும் திரும்பிவிடும். மூன்று நான்கு ஐம்பதுகளுக்குப் பிறகு சரிகிற பிள்ளைகளுக்கு, குறிப்பாக அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலத்தில் டெங்குவோ வேறு வைரஸ் காய்ச்சலோ வந்து போனவர்களுக்கு, இதுதான் முதல் மருந்து. காய்ச்சல் விட்ட பிறகும் வாரக்கணக்கில் அசதி தொடரும் என்பதைப் பள்ளிக்கூடம் ஏற்றுக்கொள்கிற அளவுக்குக்கூட நீச்சல் குளங்களில் ஏற்றுக்கொள்வதில்லை. உலகத் தரத்திலும் ஓய்வுக்கு இடமிருக்கிறது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றிருந்த பிரிட்டனின் ஆடம் பீட்டி, 2023-ல் தன் மனநலத்தைக் காரணம் சொல்லிப் போட்டிகளிலிருந்து விலகி நின்றார். 2024 பாரிஸில் திரும்பி வந்து நூறு மீட்டரில் 0.02 வினாடியில் தங்கத்தைத் தவறவிட்டு வெள்ளியைப் பகிர்ந்துகொண்டார்.

ஓய்வின் குறை என்னவென்றால், வளர்ச்சியால் வந்த சரிவை அது தீர்ப்பதில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும்வரை ஆறேழு மாதம் நிறுத்திவிட்டுத் திரும்புகிற பிள்ளைக்கு அதற்குள் இன்னும் நான்கைந்து சென்டிமீட்டர் கூடியிருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடங்கப்போகிறோம் என்று நம்பி வந்தவர்களுக்கு அந்த இடமே அங்கு இருப்பதில்லை. தேர்வுக்காக நிறுத்துவது குடும்பத்தின் நியாயமான முடிவாக இருக்கலாம். அதை ஸ்ட்ரோக்குக்கான சிகிச்சை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வாரத்துக்கு மூன்று நாளாவது, முக்கால் மணி நேரமாவது நீரில் இருந்தால், வளர வளர உடல் நீரோடு பழகிக்கொண்டே வரும்.

மூன்றாவது வழி, மருத்துவரையும் பிசியோதெரபிஸ்டையும் பார்ப்பது. இதைப் பலர் வலி வந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். ஆனால் வலி உணரப்படுவதற்கு முன்பே உடல் அதைத் தவிர்க்கத் தொடங்கிவிடும், அந்தத் தவிர்ப்புதான் நம் கண்ணுக்கு ஸ்ட்ரோக் கெட்டதாகத் தெரிகிறது. நீச்சலில் கையை உள்பக்கமாகத் திருப்பி இழுக்கும் தசைகள் ஓயாமல் உழைத்து வலுவேறுகின்றன. வெளிப்பக்கம் திருப்பும் சிறிய தசைகள் அந்த அளவுக்கு வலுவடைவதில்லை. இந்தச் சமமின்மையில் தோள் மூட்டு சற்றே முன்னோக்கி நழுவும். கையை மேலே நீட்டும்போது தசைநாண்கள் நெருக்கப்படும். பிள்ளை தன்னையறியாமல் முழங்கையைத் தாழ்த்திக்கொண்டு நீருக்குள் நுழையும். பிரெஸ்ட் ஸ்ட்ரோக் நீந்துபவர்களுக்கு இதேபோல முழங்காலின் உட்புறம் தொல்லை தரும், உடனே பாதங்கள் சரியாக வெளியே திரும்பாமல் உதை ஒருபக்கமாகச் சாயும். நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ், கழுத்து எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிசகியதால் தோள் பாதிக்கப்பட்டு நெடுநாள் அவதிப்பட்டார். அதிலிருந்து மீண்டு 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1:56.38-ல் முடித்து, ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி தரும் ‘ஏ’ நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரரானார். தோளில் தெரிவதற்குக் கழுத்தும் காரணமாக இருக்கலாம் என்பதால், பரிசோதிப்பவர் விளையாட்டுக் காயங்களைப் பார்த்துப் பழகியவராக இருப்பது நல்லது. போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் விளையாட்டு அறிவியல் மையம் போன்ற இடங்களில் மருத்துவரும் பிசியோவும் உடல் அசைவை ஆராய்பவர்களும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கிறார்கள். அது எட்டாத குடும்பங்களுக்கு, அரசு மருத்துவமனையின் எலும்பு மூட்டுப் பிரிவும் பிசியோதெரபிப் பிரிவும் தொடக்கத்துக்குப் போதும்.

இரத்தப் பரிசோதனையையும் இதோடு சேர்த்தே சொல்கிறேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. நீச்சல் குளத்துக்கு வருபவர்கள் அதற்கு விலக்கு என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. ஹீமோகுளோபின் இயல்பாக இருந்தும் உடலில் சேமிப்பாக இருக்கும் இரும்புச்சத்து வற்றியிருக்கக் கூடும் என்பதால், ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். பயிற்சி முடிந்து காலை இட்லியோடு காபி குடிக்கிற வழக்கம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. காபியும் தேநீரும் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்றுக்கொள்வதைக் குறைத்துவிடும் என்பதால், அதை ஒரு மணி நேரமாவது தள்ளிவைத்து, கீரையோ பயறோ சாப்பிடும் வேளையில் எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்துக்கொள்ளலாம். மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வராமல் போனால், பயிற்சிக்கு ஈடான உணவு கிடைக்கவில்லை என்பதற்கான முக்கியமான எச்சரிக்கையாக அது இருக்கலாம். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-ல் இந்த நிலையைத் தனியாக விவரித்தது. எலும்பிலிருந்து மனநிலைவரை எல்லாவற்றையும் பாதிக்கிற இதை ‘விளையாட்டுப் பெண்களுக்கு அப்படித்தான்’ என்று விட்டுவிடக் கூடாது. நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, கை விரல்களில் மரத்துப்போதல் இவற்றில் எது இருந்தாலும் ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஜிம்மிலும் இணையத்திலும் விற்கும் சப்ளிமென்ட் டப்பாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: லேபிளில் இல்லாத தடைசெய்யப்பட்ட பொருள்கள் அவற்றில் கலந்திருந்த நிகழ்வுகள் உண்டு, ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் வயதோ அறியாமையோ முழுப் பாதுகாப்பாகாது.

நான் மிகவும் மதிக்கும் வழி நான்காவது: அதே பயிற்சியாளரிடம், தூரத்தைக் கணிசமாகக் குறைத்து, சில வாரங்கள் டைமிங் எடுப்பதையே நிறுத்தி, ஸ்ட்ரோக்கை மட்டும் புதிய உடம்புக்கு ஏற்பத் திரும்பக் கட்டுவது. செலவு கூடுவதில்லை, தூக்கம் குறைவதில்லை, பொருந்தவில்லை என்றால் இரண்டு மூன்று வாரத்தில் தெரிந்துவிடும், பழையபடி திரும்பிவிடவும் முடியும். பதினான்கு வயதுப் பையன் ஒருவனை இப்படி மீட்டெடுத்ததை ஒரு பயிற்சி வேளையில் அருகிலிருந்து பார்த்தேன். வலப்பக்கம் மூச்சு வாங்கும்போது அவன் தலையைத் திருப்புவதற்குப் பதிலாகத் தூக்கினான். கண்ணாடியின் இரண்டு பக்கமும் நீருக்கு வெளியே வந்தன. தலை எழும்பிய அதே நொடியில், முன்னால் நீண்டிருந்த இடது கை நீரைப் பின்னால் தள்ளாமல் கீழே அழுத்தியது, முழங்கை மணிக்கட்டுக்குக் கீழே போய்விட்டது, இடுப்பு இறங்கியது, கவிழாமல் இருப்பதற்காகக் கால்கள் கத்தரிபோல் அகன்றன. காலரியிலிருந்து பார்த்தால் நான்கு தவறுகள். பயிற்சியாளர் நான்கையும் சொல்லவில்லை. “மூச்சு எடுக்கறப்ப ஒரு கண்ணாடி தண்ணிக்குள்ளயே இருக்கணும்டா தம்பி, அவ்ளோதான்” என்றார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தலை தாழ்ந்தது, இடுப்பு ஏறியது, ஐம்பது மீட்டருக்கு மூன்று நான்கு கைவீச்சு குறைந்தது. முழங்கையைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவே இல்லை.

அவர் சொன்ன விதத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. கையை இப்படி வை, தோளை அப்படித் திருப்பு என்று உடல் உறுப்புகளின் மேல் கவனத்தைக் குவிக்கும்போது, தானாக நடந்துகொண்டிருந்த அசைவு தடைபடுகிறது. நீரைப் பின்னால் தள்ளு என்பதுபோல் உடலுக்கு வெளியே நடக்கும் விளைவின் மேல் கவனத்தை வைக்கும்போது அசைவு இயல்பாகிறது. இயக்கக் கற்றலில் நெடுங்காலம் ஆய்வு செய்துவரும் கேப்ரியேலே வுல்ஃப் இணைந்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த நீச்சல் வீரர்களை ‘கையைப் பின்னால் இழு’ என்று நினைத்து நீந்தச் சொன்னபோது மெதுவாகவும், ‘நீரைப் பின்னால் தள்ளு’ என்று நினைத்தபோது வேகமாகவும் நீந்தினார்கள். எதையும் சொல்லாமல் விட்டபோதும் வேகமாகவே நீந்தினார்கள் என்பதுதான் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டிய பகுதி. வாரத்துக்கு ஒரே ஒரு திருத்தம், அதுவும் பயிற்சியாளர் வாயிலிருந்து மட்டும் என்பதை வீட்டில் விதியாக்கிக்கொள்ளலாம். இந்த வாரங்களில் கையில் மாட்டும் பேடில் தட்டு வேண்டாம், ஏனென்றால் கெட்ட கோணத்தில் நுழையும் கைக்கு அது கூடுதல் பாரத்தை ஏற்றித் தோளைக் கெடுக்கும். இடுப்பு தாழ்கிறவர்களுக்குக் காலில் மாட்டும் சிறிய ஃபின் உதவும். நீரில் கைகளை மெல்ல அலசிப் பிடியை உணரவைக்கும் ஸ்கல்லிங் பயிற்சி, பக்கவாட்டில் படுத்து உதைப்பது, ஒரு கை முன்னால் காத்திருக்க மற்றொரு கை வந்து சேர்வது போன்ற பழைய டிரில்களே போதும். புதிதாக எதையும் இறக்குமதி செய்யத் தேவையில்லை.

தனி வகுப்பும் வீடியோ ஆய்வும் இதற்கு அடுத்த இடத்தில் வருகின்றன. வீடியோ நல்லதுதான், நீருக்கு மேலும் கீழும் எடுத்த அரை நிமிடப் பதிவு, போன வருடப் பதிவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, பல வாரக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். குளத்தின் அனுமதியோடு நம் பிள்ளையை மட்டும் எடுப்பதும், அதை எங்கும் பதிவேற்றாமல் இருப்பதும் நம் பொறுப்பு. தனி வகுப்பின் சிக்கல் வேறு. காலையில் ஒருவர் கையை அகலமாக நுழைக்கச் சொல்வார், சனிக்கிழமை இன்னொருவர் ஒடுக்கமாக நுழைக்கச் சொல்வார். ஏற்கெனவே தன் கையை நம்பாத பிள்ளை இருவரையும் திருப்திப்படுத்தப் பார்த்து இரண்டையும் இழக்கும். வழக்கமான பயிற்சியாளருக்குத் தெரிந்து, அவரே கேட்டு, ஒரு குறிப்பிட்ட குறைக்காக, இரண்டு மூன்று வகுப்புகளோடு முடிகிற ஏற்பாடு என்றால் மட்டும் இதை ஆதரிப்பேன். முப்பது பேருக்கு ஒரே பயிற்சியாளர் இருக்கும் குளங்களில் வேறு வழி இருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கும் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்வதே மரியாதை, பிள்ளைக்கும் அதுவே நல்லது.

பயிற்சியில் சீராக இருந்து போட்டியில் மட்டும் உடைகிறவர்களுக்கு இவை எதுவும் பயன்படாது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், காற்றில் சுழலும்போது தான் எங்கே இருக்கிறேன் என்ற உணர்வே போய்விட்டது என்று ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் விலகியபோது, பல்லாண்டு பழகிய அசைவு ஒரே நாளில் காணாமல் போக முடியும் என்பதை உலகமே பார்த்தது. 2024 பாரிஸில் அவர் திரும்பி வந்து தங்கம் வென்றதையும் பார்த்தது. விளையாட்டு உளவியலாளரிடம் அழைத்துப்போவதைத் தண்டனையாகவோ கடைசி முயற்சியாகவோ பிள்ளை உணராதபடி, பிசியோவிடம் போவதைப் போலவே வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்னால், குளத்திலிருந்து வீடு திரும்பும் வண்டியில் டைமிங்கைப் பற்றிப் பெற்றோர் பேசாமல் இருப்பது பெரிய உதவி. சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்டால் போதும். நீச்சல் மட்டுமல்லாமல் நண்பர்கள், படிப்பு, சாப்பாடு எல்லாவற்றிலும் பிடிப்பு விட்டுப்போனதாகத் தெரிந்தால் அது ஸ்ட்ரோக்கின் பிரச்சினை இல்லை. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், உடனடியாகப் பேசுவதற்கு 14416 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

நீந்தும் பிரிவை மாற்றுவது, அதாவது ஃப்ரீஸ்டைலை விட்டுப் பேக் ஸ்ட்ரோக்குக்குப் போவது, ஒரு பருவத்துக்கு இதமான ஏற்பாடாக இருக்கலாம். நீண்ட உடம்புக்குப் பேக் ஸ்ட்ரோக் பொருந்தியும் போகலாம். பிள்ளையே ஆசைப்பட்டால் செய்யலாம். கிளப்பை மாற்றுவது அப்படிப்பட்டதல்ல. நண்பர்கள், நேரம், பயணத் தூரம், பயிற்சி முறை எல்லாம் ஒரே நாளில் மாறிவிடும், பிடிக்கவில்லை என்று திரும்பி வருவதும் எளிதல்ல. வளர்ச்சியால் வந்த சரிவு அதற்குள் தானாகச் சரியாகிப் புதிய கிளப்புக்குப் பெயர் வாங்கித் தரவும் கூடும். ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. பிள்ளையின் உடலையும் எடையையும் மற்றவர் முன் கேலி செய்கிற, அடிக்கிற, காயத்தோடு நீந்தச் சொல்கிற இடமாக இருந்தால் ஒப்பீடே வேண்டாம், அன்றைக்கே வெளியேறிவிட வேண்டும்.

ஆக என் வரிசை இப்படி அமைகிறது: ஒரு வாரம் எண்ணிப் பார்ப்பதும் தூக்கத்தைச் சரிசெய்வதும், அதோடு மருத்துவ, பிசியோ பரிசோதனை; உடல் நலமாக இருக்கிறது என்று தெரிந்ததும் அதே பயிற்சியாளரிடம் ஆறு வாரம்வரை குறைந்த தூரத்தில் ஸ்ட்ரோக் வேலை. இடையில் வரும் போட்டியை என்ன செய்வது என்பதுதான் பெற்றோர் அதிகம் தடுமாறும் இடம். 14 வயதைக் கடந்து 15-17 வயதுக்கான குரூப் 1-க்குள் அந்த ஆண்டுதான் நுழைந்திருக்கும் பிள்ளைகளுக்கு, தங்களைவிட இரண்டு வயது மூத்தவர்களோடு நீந்துவதால் இடம் எப்படியும் பின்தங்கும். அந்த ஒரு போட்டியைத் தவறவிடுவதால் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான சான்றிதழ் வாய்ப்புகள் முடிந்துபோவதில்லை. முழுவதும் விலகுவதா என்று தயங்கினால், மிகவும் பிடித்த ஒரே பிரிவுக்கு மட்டும் பெயர் கொடுத்து, மற்றவற்றை விட்டுவிடலாம். அதற்கும் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன்: அந்த எட்டு ஐம்பது மீட்டர்களைத் திரும்ப நீந்தும்போது, எட்டாவது ஐம்பதின் கைவீச்சு முதலாவதைவிட இரண்டுக்கு மேல் கூடாமல் இருந்து, அதே நிலை அடுத்த வாரமும் நீடித்தால் பெயர் கொடுக்கலாம், இல்லையென்றால் அடுத்த போட்டிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பயிற்சியாளரும் பிள்ளையும் நாமும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யலாம்.